வேலைக்கு எடுத்துப்போகும் மதிய உணவு: செலவும் குறைய வேண்டும், சலிப்பும் தட்டக் கூடாது

மதியப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். மதியம் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்தலாம் என்று இருக்கிறேன். மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்த்தால் மளிகைக்குச் செலவானதில் பெரும்பங்கு அளவுக்கு இந்த ஒரு வேளைக்கே போயிருக்கிறது.

வார விடுமுறையில் ஒரு பெரிய பாத்திரம் நிறைய ஏதாவது சமைத்து ஐந்து டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பதுதான் இப்போதைய வழக்கம். முதல் நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் டப்பாவைத் திறக்கவே மனம் வராது. அப்புறம் அது ஃபிரிட்ஜிலேயே கிடக்கும், நான் கடைக்குப் போய்விடுவேன். காசும் போச்சு, சமைத்ததும் போச்சு.

வேலையிடத்தில் மைக்ரோவேவ் இருக்கிறது. பொதுவான ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு, சின்னதுதான். காலையில் அடுப்படியில் நிற்க நேரம் கிடையாது. முட்டை சாப்பிடுவேன், கோழி எப்போதாவது. உங்கள் டப்பாவில் என்ன போகிறது என்று சொல்லுங்களேன்.

சமையல்கட்டு

நண்பரே, ஐந்து நாளும் ஒரே பண்டம் என்றால் யாருக்கும் மூன்றாம் நாள் நாக்கு மறுக்கத்தான் செய்யும். முடித்த பண்டமாகச் சமைக்காதீர்கள். பாதி வேலையில் நிறுத்திவிடுங்கள், உப்பு மட்டும் போட்டு. மசாலாவும் புளிப்பும் காரமும் கடைசியில், அந்தந்த நாள் டப்பாவில் சேரட்டும்.

என் வீட்டில் இதற்குக் கொண்டைக்கடலைதான் கைகொடுக்கிறது. அரை கிலோ காய்ந்த கடலையை இரவே ஊறப்போட்டு மறுநாள் வேகவைத்தால் ஒரு கிலோவுக்கு மேல் வந்துவிடும். விரலால் அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும், தோல் மட்டும் பிரியாமல் இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கி, நீரை வடித்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன். வடித்த நீரை ஊற்றிவிடாதீர்கள், குழம்புக்கும் சூப்புக்கும் நல்ல கெட்டி கொடுக்கும்.

முதல் நாள் அதில் இரண்டு கைப்பிடி எடுத்து வெங்காயம், கேரட், எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் எண்ணெய். அப்படியே ஸ்பூனால் சாப்பிடலாம். அடுத்த நாள் கொஞ்சத்தை முட்கரண்டியால் மசித்து, தயிரும் நசுக்கிய பூண்டும் மிளகுத்தூளும் கலந்து ரொட்டிக்குள் வைக்கிறேன். மூன்றாம் நாள் தக்காளியும் வெங்காயமும் வதக்கிய கூட்டில் கடலையைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அது சோற்றோடு. மீந்ததை எண்ணெயில் நன்றாக வறுத்துத் தனியாகச் சின்ன டப்பாவில் எடுத்துப்போய், பாஸ்தா மேலேயோ சூப் மேலேயோ தூவிக்கொள்வேன். மூடிய டப்பாவில் முறுமுறுப்பு போய்விடும் என்பதால்தான் தனியாக.

அடுப்பில் ஒரு தடவைதான் வேகவைத்தோம். நான்கு நாளும் வாய்க்கு வேறு வேறாக இருந்தது. அவித்த முட்டை, வேகவைத்த பயறு, தோலோடு வெந்த உருளைக்கிழங்கு, பிய்த்த கோழி எதையும் இதே மாதிரி பாதியில் நிறுத்தி வைக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வீட்டுச் சாப்பாடு தானாகவே மலிவாகிவிடாது. புதுப் பண்டம் என்று ஒரு செய்முறையைப் பார்த்து அதற்கென்றே ஒரு கட்டுக் கீரை, ஒரு பாட்டில் சாஸ், ஒரு துண்டு பாலாடைக்கட்டி வாங்குவோம். செய்முறைக்குத் தேவை அதில் கால்வாசி. மிச்சம் வாடி, பூத்துப்போய், குப்பைக்குப் போகும். கொட்டுகிற பொருள்தான் விலை கூடிய பொருள்.

நான் வைத்திருக்கும் வழக்கம் இதுதான்: கூடைக்குள் போகிற எந்தப் பொருளுக்கும் அந்த வாரமே குறைந்தது இரண்டு டப்பாவிலாவது இடம் இருக்க வேண்டும். இடம் தெரியாவிட்டால் வாங்குவதில்லை. இலைக் காய்களை வாரத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுவேன். முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், வெட்டாத பூசணி இதெல்லாம் பொறுமையாகக் காத்திருக்கும், அவற்றைப் பின்னால் தள்ளலாம். ஃபிரீசரில் ஒரு பை பச்சைப் பட்டாணி எப்போதும் இருக்கும். ஒரு கைப்பிடி போட்டால் எந்த டப்பாவுக்கும் நிறமும் இனிப்பும் வந்துவிடுகிறது, மிச்சமும் வீணாகாது.

மதியச் சாப்பாடு பசி தாங்கவில்லை என்றால் மாலையில் தீனிக்குச் செலவாகும், அதையும் கணக்கில் சேருங்கள். வெந்த கொண்டைக்கடலையோ பருப்போ 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். இந்த இரண்டில் ஒன்று இல்லாத டப்பா எனக்கு நான்கு மணி வரை தாங்குவதில்லை.

கோழி வாங்குவதென்றால் முழுதாக வாங்குங்கள். துண்டு போட்டு விற்பதைவிடக் கிலோக்கணக்கில் மலிவாகவே வரும். சதையை இரண்டு மூன்று டப்பாவுக்குப் பிய்த்துக்கொள்ளலாம், எலும்பை வெங்காயமும் மிளகும் போட்டுக் கொதிக்கவைத்தால் சூப்புக்கு நீர் தயார்.

ஆய்வகம்

உணவுப் பரிசோதனை வேலையில் இருப்பதால் குறுக்கே வருகிறேன். மதியப்பெட்டி, ஐந்து நாளுக்கும் சேர்த்துச் சமைத்து ஃபிரிட்ஜில் வைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாத்திரத்தில் சோறு இருந்தால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருப்பது சாதாரணம். கொதிநீரிலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாக வெளியில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை சூட்டுக்குக் கலங்காது. மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். அதனால் சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் தள்ளுங்கள். ஒரு நாளுக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் சூடாக்க வேண்டாம். பாஸ்தா, உருளைக்கிழங்கு விஷயத்திலும் வெளியில் நெடுநேரம் போட்டுவைப்பது கூடாது.

மற்றச் சமைத்த பண்டங்களுக்கு ஃபிரிட்ஜில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். ஃபிரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் இருக்கிற சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்தது அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். தட்டையான, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வையுங்கள்.

மதியப்பெட்டி

இது எனக்குத் தெரியாத விஷயம், நன்றி. வாரத்தின் பின்பாதிக்கு அப்போது ஃபிரீசர்தான் வழி போலிருக்கிறது. ஆனால் உறையவைத்த சோறு கல் மாதிரி ஆகிவிடுமே? எதெல்லாம் உறையத் தாங்கும்?

குளிர்பெட்டி

> மதியப்பெட்டி எழுதியது: உறையவைத்த சோறு கல் மாதிரி ஆகிவிடுமே?

ஆகாது. சோறு விறைப்பது ஃபிரிட்ஜில்தான். அந்தக் குளிரில் மாவுச்சத்து மறுபடி கெட்டியாகிறது. ஆவி அடங்கியதும் ஒரு வேளை அளவைத் தட்டையாகப் பொதிந்து நேராக ஃபிரீசரில் வைத்தால் அந்த மாற்றத்துக்கு நேரமே கிடைப்பதில்லை. சாப்பிடும்போது உறைந்தபடியே கிண்ணத்தில் போட்டு, ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடியைத் தளர்வாக வைத்து மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்குங்கள். பாதியில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். அப்போது வடித்த சோறு மாதிரியே உதிரியாக வரும்.

பருப்பு, பயறு, கடலை, தக்காளி சேர்ந்த குழம்பு வகைகள், கெட்டியான சூப், பிய்த்த கோழி, ரொட்டி எல்லாம் நன்றாகவே தாங்கும். அவித்த முட்டையின் வெள்ளை ரப்பராகிவிடும், வேண்டாம். துண்டு உருளைக்கிழங்கு மணல்மணலாகும். வெள்ளரி, தக்காளித் துண்டு, இலைக் காய் எல்லாம் நீர்விட்டுத் தொய்ந்துவிடும். தயிர் சேர்ந்த எதுவும் திரிந்த மாதிரி வரும், தயிரைச் சூடாக்கிய பிறகு கலந்துகொள்ளலாம்.

குழம்பு வகைகளை டப்பாவில் விளிம்பு வரை நிரப்பாதீர்கள். உறையும்போது நீர் விரியும், இரண்டு விரல் இடம் விடுங்கள். மூடியில் பெயரும் தேதியும் ஒட்டிவிடுங்கள். பனி மூடிய பிறகு எல்லாக் குழம்பும் ஒரே நிறம்தான்.

ஒரே வாரம் சாப்பிட்டுத் தீர்ப்பதற்காக உறையவைக்காதீர்கள். இந்த வாரம் இரண்டு வேளை கூடுதலாகச் சமைத்து ஃபிரீசருக்குப் போகட்டும். அடுத்த வாரம் வேறு இரண்டு. ஒரு மாதத்தில் உள்ளே ஏழெட்டு விதம் சேர்ந்துவிடும். அதிலிருந்து பிடித்ததை எடுக்கலாம். எனக்குச் சலிப்பு போனது இதனால்தான், புதுப்புதுச் செய்முறையால் இல்லை.

இரவுப்பணி

மைக்ரோவேவும் ஃபிரிட்ஜும் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எங்கள் வேலை வண்டியில், ஓரிடத்தில் நிற்காது. சாப்பாட்டு நேரம் என்று ஒன்றும் கிடையாது. என்னைப் போல இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சூடாக வேண்டுமென்றால் வாயகன்ற ஃபிளாஸ்க். காலையில் கொதிநீரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவை நிரப்ப வேண்டும். கழுத்து வரை நிரப்புங்கள். பாதி ஃபிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். வாங்கியதும் கொதிநீரை ஊற்றி, நீங்கள் சாப்பிடும் நேரம் வரை விட்டு, வெப்பமானியால் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் நின்றால் நம்பலாம். பருப்பு சூப், தக்காளிக் கடலை, கோழிச் சூப்பில் நூடுல்ஸ், ஓட்ஸ் கஞ்சி எல்லாம் இதில் நன்றாக வரும். வறுவல் மட்டும் வேண்டாம், ஆவியில் நமுத்துவிடும்.

சூடாக்கத் தேவையில்லாத டப்பாதான் எனக்கு அதிகம். குளிர்ந்தே சாப்பிடுவதென்றால் அதற்கேற்ற மாதிரி சமைக்க வேண்டும். சூடான சாப்பாட்டில் சரியாகத் தெரிகிற உப்பும் புளிப்பும் ஆறினால் மங்கிவிடும், ஒரு படி தூக்கலாகப் போடுங்கள். வெண்ணெயில் வதக்கினால் ஆறியதும் படலமாக உறையும், எண்ணெய் போதும். சோற்றுக்குப் பதில் பாஸ்தா, பார்லி, உடைத்த கோதுமை எடுத்தால் குளிரிலும் மென்மையாக இருக்கும். வெந்ததும் வடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசறிவிட்டால் ஒட்டாது.

ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் உறையவைத்த தண்ணீர் பாட்டிலை டப்பாவோடு ஒரே பையில் போட்டுத் துணியால் சுற்றிவையுங்கள். மதியத்துக்குள் குடிக்கக் குளிர்ந்த தண்ணீரும் ஆச்சு.

பச்சைமிளகாய்

எல்லோரும் அடித்தளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ருசி மாறுவது மேலே ஊற்றுகிற சாஸில்தான்! நான் வாரத்துக்கு இரண்டு சாஸ் செய்து சின்னச் சின்னச் சீசாவில் வைத்துக்கொள்வேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். ஒன்று கெட்டி என்றால் மற்றது நீர்த்தது, ஒன்று காரம் என்றால் மற்றது புளிப்பு.

வேர்க்கடலை சாஸ்: அரைத்த வேர்க்கடலை விழுது இரண்டு ஸ்பூன், எலுமிச்சை பாதி, சோயா சாஸ் ஒரு ஸ்பூன், பூண்டு ஒரு பல், காய்ந்த மிளகாய்த் தூள். வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். முதலில் திரண்டு கட்டியாகும், பயப்படாமல் இன்னும் கொஞ்சம் விட்டால் பளபளவென்று இளகி வரும். நூடுல்ஸுக்கும் முட்டைக்கோஸுக்கும் கோழிக்கும் இது ஒன்றே போதும்.

தயிர் சாஸ்: கெட்டித் தயிர், உப்பு, புதினா, துருவிய வெள்ளரி. வெள்ளரியில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட்டுச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மதியத்துக்குள் தண்ணீராகிவிடும்.

சாலட்டுக்கு மூன்று பங்கு எண்ணெய், ஒரு பங்கு வினிகர் அல்லது எலுமிச்சை. அதைச் சீசாவின் அடியில் ஊற்றி, மேலே கேரட், கடலை மாதிரி உறுதியானவை, அதற்கு மேல் தானியம், இலை எல்லாவற்றுக்கும் உச்சியில். சாப்பிடும்போது கவிழ்த்தால் போதும்.

அப்புறம் வினிகர் வெங்காயம். மெல்லியதாக அரிந்த வெங்காயத்தில் வினிகரும் வெந்நீரும் சம அளவு, உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை. அரை மணியில் இளஞ்சிவப்பாக மாறிவிடும். ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வரும். பருப்புச் சோறோ முட்டை ரொட்டியோ, எதில் போட்டாலும் தூக்கிவிடும். பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறவைத்தும் ஒரு சீசா அலமாரியில் வைத்திருக்கிறேன், அதுவும் அருமை.

ஆய்வகம்

> பச்சைமிளகாய் எழுதியது: பூண்டை நசுக்கி எண்ணெயில் ஊறவைத்தும் ஒரு சீசா அலமாரியில் வைத்திருக்கிறேன்

தோழி, அந்தச் சீசாவை இன்றே கொட்டிவிடுங்கள். பூண்டு மண்ணுக்குள் விளைவது, போட்டுலிசம் என்ற உயிருக்கே ஆபத்தான உணவு நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். எண்ணெய்க்குள் காற்று கிடையாது, புளிப்பும் கிடையாது. வெளியில் வைத்தால் அதற்கு ரொம்ப வசதியான இடம் அது. நச்சு உண்டானாலும் மணத்திலோ ருசியிலோ தெரியாமல் போகலாம். வேண்டும் என்றால் கொஞ்சமாகச் செய்து ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீருங்கள், அல்லது ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். வினிகர் வெங்காயத்தில் இந்தப் பயம் இல்லை, புளிப்பு காப்பாற்றும்.

பச்சைமிளகாய்

கொட்டிவிட்டேன். சொன்னதற்கு மிக்க நன்றி. இனி ஐஸ் தட்டில்தான்.

தனிவழி

கொஞ்சம் மாற்றுக் கருத்து. தினம் ஒரு விதம் வேண்டும் என்று நினைப்பதே பல பேரை இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுகிறது. எனக்குத் தெரிந்து நெடுங்காலமாக வீட்டிலிருந்து எடுத்துவருபவர்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எடுத்துவருகிறார்கள். யோசிக்க வேண்டியதில்லை என்பதே அதில் பெரிய சுகம்.

நான் இரண்டே டப்பா வைத்திருக்கிறேன். ஒரு நாள் பருப்பும் காயும் சேர்ந்தது, மறுநாள் முட்டையும் ரொட்டியும். மாறுவது பக்கத்தில் இருக்கிற சின்ன டப்பாதான். ஒரு நாள் ஆரஞ்சு, ஒரு நாள் வறுத்த வேர்க்கடலை, ஒரு நாள் கேரட் குச்சி. பருவத்தில் என்ன பழம் மலிவோ அது. எனக்கு அந்த மாற்றமே போதுமாக இருக்கிறது.

சமையல்கட்டு

தனிவழி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். யோசிக்காமல் எடுக்க முடிகிற டப்பா ஒன்று எல்லோருக்கும் வேண்டும். சோர்ந்த இரவுகளில் அதுதான் கடைக்குப் போகாமல் காப்பாற்றும். ஆனால் அவருடைய சின்ன டப்பாவைக் கவனியுங்கள்: ஆரஞ்சில் சாறு, வேர்க்கடலையில் முறுமுறுப்பு, கேரட்டில் கடிக்கிற பதம். மசாலா மாறவே இல்லை, பல்லுக்குப் படுவது மாறுகிறது. டப்பாச் சாப்பாடு அலுத்துப்போவதற்குப் பெரிய காரணம், எல்லாம் ஒரே மாதிரி மெத்தென்று இருப்பதுதான். முறுக்கென்று கடிக்க ஏதாவது ஒன்று தனியாக, ஈரம் படாமல் போகட்டும்.

புதுவரவு

சின்னச் சந்தேகங்கள். ரொட்டிக்குள் தக்காளி வைத்தால் ஊறிப்போகிறது. வெட்டிய ஆப்பிள் கறுத்துவிடுகிறது. அப்புறம் ராஜ்மாவை ஊறவைக்காமல், மெதுவாகச் சமைக்கும் மின் பாத்திரத்தில் காலையில் போட்டுவிட்டுப் போகலாமா?

இரவுப்பணி

ரொட்டியின் இரண்டு பக்கமும் விளிம்பு வரை மெல்லியதாக வெண்ணெய் தடவுங்கள், ஈரம் உள்ளே இறங்காது. தக்காளியின் விதையைச் சுரண்டிவிட்டு, முட்டைக்கும் இலைக்கும் நடுவில் வையுங்கள். ரொட்டியைத் தொடவே கூடாது. ஆப்பிளை வெட்டியதும் எலுமிச்சை நீரிலோ லேசான உப்புத் தண்ணீரிலோ சில நிமிடம் போட்டு எடுத்தால் நிறம் நிற்கும். அல்லது முழுசாக எடுத்துப்போங்கள், அதுதான் சுலபம்.

ஆய்வகம்

ராஜ்மாவுக்கு அந்த முறை கூடவே கூடாது. வேகாத ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. மெதுவாகச் சமைக்கும் பாத்திரத்தின் சூடு அதை அழிக்கப் போதாமல் போகலாம். 80 டிகிரி அளவில் வெந்த ராஜ்மா பச்சையானதைவிட அதிகக் கேடு செய்யலாம். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, புது நீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். நான் 30 நிமிடம் விடுவேன். அதற்குப் பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் வேகட்டும். டின்னில் வருவது ஏற்கனவே வெந்தது, கவலை இல்லை.

கணக்குப்பிள்ளை

பருப்பு பயறு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எலுமிச்சை, தக்காளி, ஆரஞ்சு ஏதாவது கூட இருந்தால் பருப்பிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைக்கலாம்.

மதியப்பெட்டி

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. அடுத்த வாரத்துக்கு இப்படி யோசித்திருக்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

ஞாயிறு: அரை கிலோ கடலை வேகவைத்துப் பாதி ஃபிரிட்ஜ், பாதி ஃபிரீசர். சோறு வடித்து உடனே இரண்டு பொட்டலம் ஃபிரீசரில். ஆறு முட்டை அவித்து உரித்து டப்பாவில். வேர்க்கடலை சாஸ், வினிகர் வெங்காயம்.

திங்கள் கடலை சாலட். செவ்வாய் முட்டைக்கோஸ், முட்டை, நூடுல்ஸ், வேர்க்கடலை சாஸ். புதன் மசித்த கடலை ரொட்டி, ஆரஞ்சு. வியாழன் தக்காளிக் கடலையும் ஃபிரீசர் சோறும். வெள்ளி முட்டை ரொட்டி, வினிகர் வெங்காயம், வறுத்த வேர்க்கடலை.

குளிர்பெட்டி

நன்றாக இருக்கிறது. வியாழனுக்கு வேண்டிய கடலையைப் புதன் இரவே ஃபிரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள், சோற்றை மாற்ற வேண்டாம். தக்காளிக் கூட்டை இரண்டு மடங்கு செய்து ஒரு டப்பாவை உறையவையுங்கள், மூன்றாம் வாரத்துக்கு ஆகும்.

ஆய்வகம்

முட்டையை ஞாயிறே உரிக்க வேண்டாம். ஓட்டோடு வைத்தால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், அன்றன்று காலையில் உரித்துக்கொள்ளுங்கள். அவித்ததும் குளிர்ந்த நீரில் போட்டால் மஞ்சள் கருவைச் சுற்றி அந்தப் பச்சை வளையமும் வராது. மற்றது எல்லாம் சரி.